ஒன்றும் வெட்டாமலே கத்தி ஏன் பழசாகிறது?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பார்சல் பிரித்ததைத் தவிர இந்தக் கத்தியால் எதுவும் வெட்டவில்லை, அதற்குள் இப்படியா ஆகும்?" என்று கேட்டு வரும் கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல, அதனால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறோம். வெட்டுவதால் மடக்குக் கத்திக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. கூர் மழுங்கும், தீட்டிக்கொள்ளலாம். அதைப் பாடாய்ப் படுத்துவது உங்கள் பேன்ட் பாக்கெட்தான்.

முதலில் பஞ்சு. பாக்கெட்டின் உள்துணியிலிருந்து உதிரும் பிசிறு பிடியின் இடுக்கில் போய் உட்கார்ந்து, நீங்கள் அக்கறையாக விட்ட எண்ணெயோடு குழைந்து, அலகு திரும்பும் அச்சைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசையாகிவிடும். கத்தியை விரித்து, அலகு மடங்கி உட்காரும் பள்ளத்தை வெளிச்சத்தில் பாருங்கள், தெரியும். லைனர் லாக் கத்தியில் இது விளையாட்டல்ல: அதில் அலகைப் பூட்டுவது பிடியின் உள்பக்கத் தகடுதான், அது முழுதாக நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும், நடுவில் குப்பை இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும், அழுத்தி வெட்டும்போது அலகு விரல் மேல் மடங்கலாம். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு அச்சில் ஒரே ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள், போதும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டும்.

அடுத்தது வியர்வை. ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், எங்கள் கடையில் சொன்னாலும்தான். குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகிக் காக்கிறது, ஆனால் வியர்வையில் இருக்கும் உப்பு அதைப் புள்ளி புள்ளியாக உடைத்துவிடும். டி2 என்ற கத்தி எஃகில் குரோமியம் 12 சதவீதம் வாக்கில் இருந்தும் அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டுண்டு கிடப்பதால் அரைகுறைப் பாதுகாப்புதான். கார்பன் ஸ்டீல் வாங்கியவர்கள் அலகு நீலம் கலந்த சாம்பலாக மாறினால் பதற வேண்டாம், அது இயல்பு. வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், செம்பழுப்பாக ஒட்டினால்தான் துரு. வீட்டுக்கு வந்ததும் கத்தியை ஒரு துடை துடைத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பின் அடிப்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை, அங்கேயும் கொஞ்சம் பாருங்கள்.

சாவி, சில்லறை உரசி விழும் கீறல்கள் அழகுக் குறை மட்டுமே. கறுப்புப் பூச்சு ஓரங்களில் தேய்வதும் அப்படித்தான். ஆனால் கத்தியையும் செல்போனையும் ஒரே பாக்கெட்டில் போட்டுவிட்டு போன் திரை கீறிவிட்டது என்று எங்களிடம் சண்டைக்கு வந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்!

பிரான்ஸின் ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்திகள் ஈரத்தில் ஊதும், அலகு இறுகித் திறக்க வராது. இழுத்துப் போராடாமல் நிழலில் காயவிடுங்கள். ஒப்பினெலில் அலகின் அடியில் திருகும் வளையப் பூட்டு 1955-இல் வந்தபோது விரித்த அலகைத்தான் பிடித்தது, மடக்கிய நிலையிலும் பூட்டும் வசதி 2000-இல் சேர்ந்தது. பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது இந்த இரண்டாவது பூட்டுதான், தயவுசெய்து அதைத் திருப்பிவிட்டே உள்ளே போடுங்கள்.

சரி, எதற்குத் திருப்பி அனுப்பலாம்? அச்சு ஸ்க்ரூவை முறுக்கிய பிறகும் அலகு பக்கவாட்டில் ஆடினால், சுத்தம் செய்த பிறகும் லாக் நழுவினால், மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறும்போது அலகு தானாக வெளியே வந்தால் அனுப்புங்கள், அதெல்லாம் எங்கள் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன கோளாறு இருந்தால் அன்றிலிருந்தே பாக்கெட்டில் வைப்பதை நிறுத்திவிடுங்கள். அனுப்பும்போது அலகை மடக்கி, பிரிந்துவிடாதபடி டேப் சுற்றி, என்ன பிரச்சினை என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்