பார்க்கிங்கில் உதவிய அண்ணனுக்கு

பெயர்கூடக் கேட்க மறந்துவிட்டேன், அண்ணா. நானே மாட்டிய புது கார் ஸ்பீக்கர்கள் ஒரு வாரமாகக் கரகரத்தன. சத்தத்தைக் கூட்டினால் பாடுபவரின் குரலே கிழியும். ஸ்பீக்கர்தான் பழுது என்று முடிவு கட்டியிருந்தேன்.

நீங்கள் முதலில் பேலன்ஸைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கேட்டீர்கள். கரகரப்பு இடது கதவில் மட்டும்தான். பேனலைக் கழற்றினால், வயரிலிருந்து பிரிந்த ஒரே ஒரு செப்பு இழை, முடி கனம்தான் இருக்கும், கதவுத் தகரத்தை உரசிக்கொண்டிருந்தது. அதை வெட்டி டேப் சுற்றினீர்கள்.

அப்புறம் அந்த 1.5 வோல்ட் பேட்டரி! ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய வயரில் ஒரு நொடி தொட்டதும் வலது ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வந்தது, இடது உள்ளே போனது. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் எதிரெதிராக அசைந்ததால்தான் பேஸ், அதாவது தாழ்ந்த கன ஒலி, மெலிந்திருக்கிறது. கடைசியாக பேஸ் பூஸ்ட்டை அணைத்து, மிகத் தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தீர்கள்.

இன்று காலை வயலின் கேட்டேன். வில் நரம்பில் உரசுவதுகூடத் தனியாகக் கேட்கிறது. அவசர வேலையை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் நின்றீர்களே, மிக்க நன்றி அண்ணா.