புள்ளி எடுக்காதவர் என்றால் இளக்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அணிகளின் வீரர் பரிமாற்றங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2011 பிப்ரவரியில் பாஸ்டன் செல்டிக்ஸ் தன் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் நிற்கும் ஆட்டக்காரர், கெண்ட்ரிக் பெர்கின்ஸை ஓக்லஹோமா சிட்டிக்குத் தள்ளிவிட்டதைச் சொல்லி, புள்ளி எடுக்காத உயரமான ஆள் போனதில் நஷ்டமில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் தங்கள் கட்டுரையாளர்.

பாஸ்டனும் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் ஏழு ஆட்டம் வரை மோதிய 2010 இறுதிப் போட்டியை அவர் பார்த்தாரா என்று கேட்க மாட்டேன். தங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர் பார்க்காமலா இருப்பார்? ஆறாவது ஆட்டத்தில் பெர்கின்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் 83-79 என்று வென்றது. அன்று லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையன்ட், ஃபவுலுக்குக் கிடைத்த தனி எறிதல்களை விட்டுவிட்டால், எறிந்த 24 பந்துகளில் கூடைக்குள் போனவை 6 மட்டுமே. அப்படியும் வென்றார்கள் என்றால், தவறிய பந்தை எல்லாம் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அப்படித் தவறிய பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட்; அதில் லேக்கர்ஸ் 53, பாஸ்டன் 40. கூடைக்கு அடியில் அவர்களை முதுகால் நெட்டி நிறுத்த வேண்டியவர் காலில் கட்டோடு இருந்தார்.

பெர்கின்ஸ், கார்னெட், பியர்ஸ், ஆலன், ரோண்டோ என்ற பாஸ்டனின் முதல் ஐவரும் காயமில்லாமல் ஆடிய பிளே ஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்று) தொடர் ஒன்றில்கூட பாஸ்டன் அதுவரை தோற்றதில்லை. அந்த ஐவரைத்தான் கலைத்தார்கள். பெர்கின்ஸின் ஒப்பந்தம் முடியப்போகிறது என்று ஒரு கணக்கு. அணியில் இன்னொரு சென்டர் ஷாகீல் ஓ'நீல் இருக்கிறாரே என்று இன்னொரு கணக்கு. பிளே ஆஃப் வந்தபோது 39 வயதான அந்த மனிதர் பெரும்பாலும் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் சுற்றில் மயாமி பாஸ்டனை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. பெர்கின்ஸோ மறு ஆண்டே ஓக்லஹோமாவோடு இறுதிப் போட்டிக்குப் போனார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் அலுவலக அணியில் பிவட், அதாவது அதே சென்டர் இடத்தில், ஆடியவன். ஷூட்டருக்கு ஸ்கிரீன் போட்டு, அவரைத் துரத்துகிறவரின் வழியை மறித்து நிற்கும்போது எதிராளியின் முழங்கை நெஞ்செலும்பில் இறங்கும், அசைந்தால் ஃபவுல். அந்த ஒரு நொடி இடைவெளியில் ஷூட்டர் எறிவார், கைதட்டல் அவருக்கு. என்னை அணியிலிருந்து எடுத்தபோது நிர்வாகி ஸ்கோர் ஷீட்டைத்தான் நீட்டினார். ஸ்கிரீனுக்கு அதில் கட்டம் கிடையாது.

தங்கள் பத்திரிகையும் அந்த நிர்வாகிக்குச் சளைத்ததல்ல. ஐ.பி.எல். ஏலம் என்றால் இரண்டு பக்கம். மாநிலக் கூடைப்பந்து இறுதிப் போட்டிக்கு, வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில் நான்கு வரி. அதிலும் கூடுதல் புள்ளி எடுத்தவர் பெயர் மட்டும். கோப்பையோடு நிற்கும் படத்தில் உயரமானவர்களின் தலையை வெட்டிவிடுகிறீர்கள். இடப் பற்றாக்குறையாம். இதைப் பற்றி முன்பும் எழுதினேன். தாங்கள் படித்திருப்பீர்கள், வெளியிடத்தான் மனம் வரவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கூடைப்பந்து முடிவுகளில் புள்ளிக்குப் பக்கத்தில் ரீபவுண்ட் எண்ணிக்கையையும் போடுங்கள். அரை வரிதான் கூடும்.

இப்படிக்கு,
முன்னாள் பிவட் ஆட்டக்காரன்,
கோயம்புத்தூர்