ஆர்மோனியம் அண்ணாச்சிக்கும் துணை நின்ற அனைவருக்கும்

நேற்றிரவு வில்லுப்பாட்டில், சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு முழுவதையும் நானே பாடினேன். சாமியாடும் கோமரத்தாடி ஆடி அமர்ந்த பிறகும் தொண்டை கட்டவில்லை, எரியவில்லை. சந்தோஷத்தில் எழுத்து ஓட மறுக்கிறது. என் குரல் கெட்டு நான் பாடாமல் இருந்தது நம் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்லப்போவதில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத கோயில் கமிட்டிகளுக்கு நன்றி. எனக்குப் பதிலாக வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்து, "இது அவள் இடம்" என்று மைக்கிலேயே சொன்ன சுசீந்திரத்து அக்காளுக்கும், நீண்ட அடிகளைத் தங்கள் மூச்சில் தாங்கிய இடப்பக்கத்துத் தங்கைகளுக்கும் நன்றி. கிசுகிசுப்பதும் அடிக்கடி செருமுவதும் குரல் நாண்களுக்குக் கேடு என்று விளக்கி, தண்ணீருக்குள் ஸ்ட்ரா வைத்துக் குமிழி எழ ஒலியெழுப்பும் பயிற்சியைக் கற்றுத்தந்த நாகர்கோவில் பேச்சுப் பயிற்சியாளருக்கும் நன்றி.

ஆனால் அண்ணாச்சி செய்ததைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும்.

நான் திரும்பி வந்து பாடிய முதல் கோயில் கொடை விழா. ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொண்டையை உலர்த்திக்கொண்டிருந்தது. நாங்கள் எப்போதும் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறவர்கள்; கட்டை கூடக்கூடச் சுருதி உயரும். பாட்டுத் தொடங்கும் நேரத்தில் அண்ணாச்சி, "ஐந்து கட்டை ரீடு பிசிறடிக்கிறது. இன்று நான்கில்தான் வாசிக்க முடியும்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். "பெட்டியைச் சரிபார்த்துக் கொண்டுவர மாட்டீர்களா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் அதட்டினார். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர் வீட்டில் பெட்டியை இறக்கியதும் பேரன் ஓடிவந்து கட்டைகளை அழுத்தினான். அந்த ரீடு ஒரு குறையுமில்லாமல் ஒலித்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணாச்சி பெட்டியை மூடிவிட்டார்.

ஐந்து கட்டையின் மேல் சட்சத்தில், அதாவது மேல் 'ஸ'வில், பெண்ணின் குரல் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 390 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. நான்கு கட்டையில் அது 350 அளவுக்கு இறங்கும். நாண்களை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கும் வேலை குறையும். விடிய விடியப் பாடுகிறவளுக்கு, அதுவும் அப்போதுதான் ஆறிவரும் தொண்டைக்கு, அது எவ்வளவு பெரிய காவல்! எங்கள் தொழிலிலோ சுருதியை இறக்குவது மானக்கேடு. "அவளுக்குக் குரல் போய்விட்டது" என்ற பேச்சு, குழுவின் வேன் போய்ச் சேருமுன் அடுத்த ஊருக்குப் போய்விடும். பழுது என்ற சொல்லைத் தன் வாத்தியம் கேட்கப் பொறுக்காத மனிதர், எனக்காக அதைத் தன் வாயாலேயே சொன்னார்.

என்னிடம் பழக வரும் பெண்பிள்ளைகளை, மந்தர ஸ்தாயி என்னும் கீழ்க்குரலில் நிதானமாகக் குரலைப் பதப்படுத்தாமல் வில்லின் முன் உட்காரவிட மாட்டேன். அன்றன்றைய தொண்டையைப் பார்த்தே கட்டை வைப்பேன். இறக்கினால் இறக்கியதாக மைக்கிலேயே சொல்வேன். இனி எனக்காக உங்கள் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம், அண்ணாச்சி.