பெயின்ட் காசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

வேளச்சேரி வீட்டைக் காலி செய்கிறாய், பெயின்டுக்கென்று ஓனர் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கிறேன் என்கிறார் என்று தம்பி சொன்னான். என்னிடம் சொல்ல உனக்குத் தோன்றவில்லை. சரி, போகட்டும்.

உடனே ஒத்துக்கொண்டுவிடாதே. முதலில் அக்ரிமென்டை எடுத்துப் படி. அதில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பைப் மாற்றுவதும் வயரிங்கும் அவர் தலையில்தான். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, தாழ்ப்பாள் இதெல்லாம் குடியிருப்பவர் பார்க்க வேண்டியது. அதில் ஒரு குறை வைக்காதே. பாத்ரூம் உப்புக்கறையைத் தேய்த்து எடு. பரணில் எதையும் விட்டுவிடாதே. உனக்குச் சொல்லவும் வேண்டுமா, பத்து வயதிலேயே கொல்லைப்புறத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்த பெண் நீ. காலி அறைகளை போட்டோ எடுத்து வை. அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும்.

அக்ரிமென்ட் மாப்பிள்ளை பெயரில்தானே இருக்கிறது? அவர் பேசினால் ஆகாதா? அடுத்து ஒரு ரூம் போதும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சின்ன இடம், பெருக்கித் துடைக்கச் சுலபம்தான். அக்ரிமென்டை மறக்காமல் படி.

சட்டம் பேசுகிறேனே, நான் செய்தது உனக்குத் தெரியும். தானே புயலில் மாமரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தளம் விரிசல் விட்டது. பின்போர்ஷன் டீச்சர் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். தளத்தைப் பார்க்கச் சொல்லி அந்தம்மா மூன்று தடவை வந்து நின்றார்கள். நான் பார்க்கவில்லை. 2012 கோடையில் அவர்கள் காலி செய்தபோது, சுவரைப் பாழாக்கிவிட்டதாகச் சொல்லி பதினைந்தாயிரம் அட்வான்ஸில் ஒன்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி நீ, "மழையை அவங்களாப்பா வரவழைச்சாங்க?" என்று கேட்டாய். பெரியவங்க விஷயத்தில் தலையிடாதே என்று அதட்டினேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. சொன்னதுமில்லை. தம்பி போன் பண்ணிய அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

டீச்சர் இப்போது நெய்வேலியில் இருக்கிறார்களாம். அடுத்த வாரம் நேரில் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன். நீ இங்கே இருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன்.

பின்போர்ஷன் போன மாதம் காலியானது. தளத்துக்குப் புதிதாகத் தட்டோடு பதித்து, வெள்ளையடித்து, குழாயெல்லாம் மாற்றியாயிற்று. டூலெட் போர்டு மாட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கும் மாட்ட மனசில்லை.

அப்பா
மஞ்சக்குப்பம், கடலூர்