ஒரு வரி எழுதியிருந்தால் போதும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், "அது கைக்குழந்தையா இருந்தப்ப பார்த்ததுடா" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்தியாச்சு. மற்றபடி எல்லோரும் சுகம்.

தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைத்தான் இன்றைக்கு உனக்கு விலாவாரியாக எழுதப் போகிறேன், நீ கடையில் தினமும் பத்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிறவன், உன்னிடம் சொன்னால்தான் மனசு ஆறும்.

கோவில்பட்டியில் இருக்கும் அக்கா பையனுக்கு என் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தேன் இல்லையா, 2017ல் நீயே ஒவ்வொரு பார்ட்டாகத் தேடி எடுத்து அசெம்பிள் பண்ணித் தந்தது, பென்டியம் ஜி4560, எச்110 போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. டிசம்பரில் அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேம் பாதி விலைக்கு வந்தது. பரீட்சை முடிகிற வரைக்கும் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வாங்கி மட்டும் வைத்துவிட்டு, மே மாதம்தான் டவுன்லோடு போட்டோம். வாங்கும் முன் தேவைப் பட்டியலை நான் வரி வரியாகப் பார்த்தேன், மாப்ளே. ராம் சரி, கிராபிக்ஸ் கார்டு சரி, டிஸ்கில் இடம் சரி. ப்ராசஸருக்கு இரண்டாம் தலைமுறை ஐ5 ஒன்றைப் போட்டிருந்தார்கள், 2011ல் வந்தது. நம்முடையது அதற்கு ஆறு வருஷம் பிந்தியது, கேம் சோதனைகளில் பலதிலும் அதன் பக்கத்திலேயே நின்ற சிப். சரி, ஓடும் என்று பணத்தைக் கட்டினேன்.

70 ஜிபி. அக்கா வீட்டு இணைப்பில் நான்கு ராத்திரி ஆனது. ஐந்தாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஐகானை அமுக்கியிருக்கிறான். ஒரு கறுப்புச் சதுரம் வந்து ஒரு நொடி நின்றுவிட்டு மறைந்துவிட்டது, மறுபடி டெஸ்க்டாப். பிழைச் செய்தி என்று ஒரு எழுத்துகூட இல்லை. இரண்டு நாள் தானே முட்டி மோதிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் எனக்குப் போன் பண்ணினான், எடுத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, நான் எதையும் மாத்தல மாமா, எதையும் தொடல."

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடந்து அறுக்கிறது. பணம் போனதைவிட அதுதான். பதினான்கு வயசுப் பையன், மாமா கொடுத்த மெஷினைத் தான்தான் கெடுத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறான்.

அப்புறம் நடந்தது எல்லாம் வழக்கமான சுற்று. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினோம். டைரக்ட்எக்ஸ், விஷுவல் சி++ எல்லாம் புதிதாகப் போட்டோம். கேமை அழித்துவிட்டு இன்னொரு நான்கு ராத்திரி டவுன்லோடு. விண்டோஸையே பார்மட் அடித்தான், அதில் அவனுடைய பள்ளி ப்ராஜெக்ட் ஒன்றும் போனது. அங்கே ஒருத்தர் மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி வீக் என்று சொல்லி அக்கா அதையும் மாற்றினாள். கேம் கம்பெனிக்கு நான் மூன்று மெயில் போட்டேன், ஒவ்வொன்றிலும் மெஷின் விவரம் முழுக்க, ப்ராசஸர் பெயர் உட்பட. மூன்று தடவையும் ஒரே பதில்: டிரைவரை அப்டேட் செய்யுங்கள், பைல்களைச் சரிபாருங்கள், ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்கள். காசைத் திருப்பிக் கேட்டால் வாங்கிப் பல மாதம் ஆகிவிட்டது, கெடு தாண்டிவிட்டது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, கேம் செத்துப்போன நேரத்துக்கு நேராக இருந்த சிவப்புக் குறியை அமுக்கினால், எக்ஸெப்ஷன் கோடு 0xc000001d. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சிப்புக்குத் தெரியாத கட்டளை ஒன்றைக் கொடுத்தால் வருவது. உடனே ப்ராசஸர் விவரம் காட்டுகிற சிபியு-இசட் போட்டு, சிப்புக்குத் தெரிந்த கட்டளைத் தொகுப்புகளைச் சொல்லும் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் என்கிற வரியைப் பார்த்தேன். எஸ்எஸ்இ4.1 இருக்கிறது, 4.2 இருக்கிறது, ஏஇஎஸ் இருக்கிறது, அதோடு முடிந்துவிட்டது. என் ஆபீஸ் மெஷினில் அதற்கப்புறம் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்று வரிசை போகும். இங்கே இல்லை.

விஷயம் அவ்வளவுதான், மாப்ளே. 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் சிப்களோடு வந்த கட்டளைத் தொகுப்பு ஏவிஎக்ஸ், அதற்கு முந்தைய தொகுப்பான எஸ்எஸ்இயில் ஒரே நேரத்தில் நான்கு எண்களைக் கூட்டுகிற இடத்தில் இது எட்டைக் கூட்டும், அதனால் இயற்பியல் கணக்கு, அனிமேஷன் போன்ற வேலைகளுக்கு நன்றாக உதவும். ஆனால் பென்டியம், செலரான் வரிசையில் அதைக் கொடுக்காமலேயே வருஷக்கணக்காக விற்றார்கள், 2017ல் வந்த ஜி4560யும் அதில் ஒன்று. ஆக, ஆறு வருஷம் பழைய ஐ5க்குத் தெரிந்த ஒரு பாஷை புதிய பென்டியத்துக்குத் தெரியாது. சிப்பை நான் குறை சொல்லவில்லை, அந்தக் காசுக்கு இரண்டு கோர், நான்கு திரெட் என்று அன்றைக்கு அது பெரிய விஷயம், எத்தனை பேருக்கு அதை வைத்து நீ கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தாய். ஏவிஎக்ஸ் வேண்டும் என்று கேட்டதும் தப்பில்லை, பத்து வருஷத்துக்கு மேல் பழைய வசதியைக் கேட்பது நியாயம்தான். அதைச் சொல்லாமல் விற்றார்கள் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் இது அவர்களுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம் இல்லை. எழுதிய ப்ரோகிராமைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, ஏவிஎக்ஸ் வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு ஸ்விட்சைப் போட்டால்தான் அது உள்ளே வரும், அல்லது வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த லைப்ரரி அப்படிக் கட்டப்பட்டிருக்கும். அதே மாதிரி, கேம் தொடங்கும் நொடியில் சிபியுஐடி என்கிற கட்டளையைக் கொடுத்து, உனக்கு இது தெரியுமா என்று சிப்பிடமே கேட்டுவிடலாம். தெரியாது என்று வந்தால் திரையில் ஒரே ஒரு வரி: "இந்தக் கேமுக்கு ஏவிஎக்ஸ் உள்ள ப்ராசஸர் தேவை." அந்த ஒரு வரி இருந்திருந்தால் எஸ்எம்பிஎஸ் மாற்றியிருக்க மாட்டோம், பார்மட் அடித்திருக்க மாட்டோம், அந்தப் பையன் தன்னைக் குற்றவாளி மாதிரி நினைத்திருக்க மாட்டான்.

பட்டியலில் பார்ட் பெயரைப் போடுகிறார்கள், அந்தப் பார்ட்டில் எது வேண்டும் என்பதைப் போடுவதில்லை. மோட்டார் வாங்கப் போகிறோம், 1 எச்பி என்று மட்டும் எழுதியிருக்கிறது, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றில் இறக்கினால் ஓடவில்லை. அதை விற்ற ஆளை ஊர்க்காரன் சும்மா விடுவானா?

முன்பெல்லாம் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் கிராபிக்ஸ் கார்டு உனக்கு நினைவிருக்கும். பெயர் 4, ஆனால் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ் 2 வழியில் வந்தது, ஜீஃபோர்ஸ் 3யிலேயே இருந்த பிக்சல் ஷேடர் என்கிற வசதி அதில் கிடையாது. 2003ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமின் தேவைப் பட்டியலில் ஜீஃபோர்ஸ் 3, 4, எஃப்எக்ஸ் குடும்பங்கள் என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸில் ஓடாது என்றும் போட்டிருந்தது. பெயரைப் பார்த்து ஏமாந்துபோவார்கள் என்று யாரோ யோசித்து அந்த நான்கைந்து வார்த்தையைச் சேர்த்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த டப்பாவில் முடிந்தது இன்றைக்கு நினைத்த நேரத்தில் திருத்தக்கூடிய கடைப் பக்கத்தில் முடியாதா?

2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தபோதும் இதே கதைதான். ஏஎம்டியின் பழைய ஃபெனம் சிப் வைத்திருந்தவர்களுக்கு அது தொடங்கவே இல்லை, எஸ்எஸ்இ4.1 அந்தச் சிப்களில் இல்லாததுதான் காரணம். ஆயிரக்கணக்கான பேர் சத்தம் போட்டதும் அந்தத் தேவையை நீக்கிச் சில நாட்களிலேயே பேட்ச் கொடுத்தார்கள், மனசு வைத்தால் முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 2023 அக்டோபரில் 'ஆலன் வேக் 2' வந்ததே, அதன் பட்டியலில் குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ வைத்திருந்தவன் என்ன நினைப்பான், சாதாரணமாக 2060ஐவிட என் கார்டு வேகம், அப்புறம் என்ன கவலை என்றுதானே? மெஷ் ஷேடர் என்கிற வசதி 2060இல் உண்டு, 1080 டிஐயில் கிடையாது, கேம் அதை நம்பிக் கட்டப்பட்டது. அந்தக் காரணம் வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால்தான் பலருக்கும் தெரியவந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எந்த ரெசல்யூஷனில், எந்த அமைப்பில், விநாடிக்கு எத்தனை பிரேம், சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அப்ஸ்கேலிங் எந்த அளவு என்று அந்த அட்டவணையில் தெளிவாகப் போட்டிருந்தார்கள், மற்ற பல பட்டியல்களில் அதுகூட இருக்காது. பரிந்துரை என்று ஒரு கார்டு பெயரைப் போட்டுவிட்டு 30 பிரேமா 60 பிரேமா என்று சொல்லாமல் விட்டால் அதை வைத்து நான் என்ன முடிவு செய்ய?

நீ போன கடிதத்தில் லேப்டாப் பற்றிப் புலம்பியிருந்தாயே, அதுவும் இதன் இன்னொரு கிளைதான். ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் கார்டு 60 வாட்டிலும் வருகிறது, 115 வாட்டிலும் வருகிறது, ஸ்டிக்கர் ஒன்றுதான். ஜிடி 1030க்கு 2018ல் டிடிஆர்4 மெமரியோடு ஒன்றை விட்டார்கள், மெமரியிலிருந்து தகவல் போய்வரும் வேகம் விநாடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே இறங்கிவிட்டது, பெயர் அதே 1030. கேம்காரர்கள் பட்டியலில் பெயரைப் போடுகிறார்கள், கார்டுகாரர்கள் ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வைக்கிறார்கள், நடுவில் காசைக் கட்டுகிறவன் மாட்டிக்கொள்கிறான். அவன் பெரும்பாலும் உன் கடைக்கு வருகிற மாதிரி ஆள், ஆறு மாதம் சேர்த்து ஒரு கார்டு வாங்குகிறவன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் உரிமைகள் என்று சொல்லும் இடத்தில், பொருளின் தரம், அளவு, விலை எல்லாவற்றையும் பற்றித் தெரிவிக்கப்படும் உரிமை என்று தெளிவாக இருக்கிறது, டிஜிட்டலாக வாங்கும் பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு உருப்படியான முன்மாதிரியும் உண்டு: ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்காக அங்கே நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நான் நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மூன்று மெயிலையும், அந்த எரர் கோடு படத்தையும், தேவைப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறேன். என்ன ஆகிறது என்று எழுதுகிறேன். திரும்பக் கிடைக்கப்போவது சில நூறு ரூபாய்தான், ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் இன்னொரு வீட்டில் இன்னொரு பையனுக்கு இந்த அவஸ்தை வராது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

அன்றைக்குக் கோவில்பட்டியில் காரணம் தெரிந்ததும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து சிபியு-இசட்டில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அப்ப நான் கெடுக்கல இல்ல மாமா?" என்று கேட்டான். இல்லடா என்றேன். எழுந்துபோய் அவன் அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தான்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அவன் போர்டு எச்110, 1151 சாக்கெட். பழசில் ஐ5 6400, 6500, 7400 எதுவானாலும் சரி, உன் கைக்கு வந்தால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வை, விலை நீ சொல்கிறதுதான். பயாஸ் அப்டேட் ஏதும் தேவைப்படுமா என்றும் பார்த்துச் சொல். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் வருகிறேன், அப்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். அவனையும் கூட்டி வரலாம் என்று இருக்கிறேன், உன் கடையில் உட்கார்ந்து தன் கையாலேயே அந்தச் சிப்பை மாட்டட்டும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். மகளுக்கு ஹாஸ்டல் ஏற்பாடு என்னாச்சு என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்
மதுரை