தரிசு என்று எழுதிய கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கைப் பற்றி நான்கு பக்கப் பயணக் கட்டுரை வந்திருக்கிறது. அதில் ஒரு வரி: "இந்த இயற்கை ஏரிகளைத் தாண்டி மேலே ஏறினால் வெறும் தரிசுதான், பார்க்க ஒன்றுமில்லை, திரும்பிவிடலாம்." அன்று காலைக் காபி எனக்கு இறங்கவில்லை. கட்டுரையாளர் திரும்பிவிட்டார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எங்கிருந்து திரும்பினார் என்று கேட்டால், கார் நிறுத்துமிடத்திலிருந்து என்பது என் ஊகம்.

முதலில் "இயற்கை ஏரி". அணை வேலையிலேயே 31 ஆண்டுகள் கழித்தவன் நான். அங்கே இருப்பவை மூன்று அணைகள் தேக்கிய நீர். ஹௌடன், டெர்வென்ட் இரண்டும் கல் அணைகள். 1901இல் வேலை தொடங்கி, ஒன்று 1912இலும் மற்றது 1916இலும் முடிந்தன. அவற்றைக் கட்டிய தொழிலாளர்களுக்கென்று பள்ளிக்கூடம், மருத்துவமனை, மதுக்கடையோடு ஒரு தகரக் கொட்டகை ஊரே அந்தக் கரையில் இருந்தது. கீழே உள்ள லேடிபவர், களிமண் நடுச்சுவர் வைத்த மண் அணை. 1945இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். மன்னர் வந்து திறந்துவைத்த இயற்கை ஏரி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

லேடிபவரின் கரையோரம் தண்ணீருக்குள் இரண்டு வட்டக் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 80 அடி விட்டம். தண்ணீர் மிஞ்சினால் சுற்றுவிளிம்பில் வழிந்து உள்ளே இறங்கி, அணைக்கு அப்பால் போய்விடும். நம் ஊர்க் கண்மாயில் கலிங்கு செய்கிற அதே வேலை. அதைப் படம் எடுத்துப் போட்டு, கீழே "மர்மக் குழி" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கலிங்குகளோடு குடித்தனம் நடத்தியவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

1943இல் போர் விமானங்கள் டெர்வென்ட் அணையின் இரட்டைக் கோபுரங்களுக்கு மேல் தாழப் பறந்து பழகியதற்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். இருக்கட்டும், விமானம் என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் லேடிபவர் தண்ணீருக்கு அடியில் டெர்வென்ட், ஆஷாப்டன் என்று இரண்டு ஊர்கள் கிடப்பதற்கு அரை வரிகூட இல்லை. மேட்டூர் அணையில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுவதையும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தெரிவதையும் தங்கள் இதழே எத்தனை கோடையில் படம் போட்டிருக்கிறது! டெர்வென்ட் கிராமத்திலும் அப்படி ஒரு தேவாலயக் கோபுரம் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. 1947 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்லறையில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்து, பக்கத்து ஊரான பாம்ஃபோர்டில் மறுபடி புதைத்தார்கள். மேட்டூரை அறிந்த ஆசிரியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தங்களுக்குத் தெரியாததா?

இனி அந்தத் "தரிசு". இரண்டு வருடங்களுக்கு முன் ஆகஸ்டில், ஷெஃபீல்டில் இருக்கும் மகளோடும் மருமகனோடும் அந்த மேட்டில் நடந்தேன். டெர்வென்ட் அணையடியில் உள்ள ஃபேர்ஹோம்ஸில் தொடங்கி, லேடிபவர் கரையோடு போய், ஏறி, வீல் ஸ்டோன்ஸ் பாறைகளிலிருந்து மேட்டின் விளிம்போடு வடக்கே 538 மீட்டர் உயரமுள்ள பேக் டோர் வரை நடந்து, மறுபக்கம் இறங்கி, டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் கரையோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டம். கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். மேலே கண்ணுக்கு எட்டியவரை ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாகக் கிடந்தது. காலடியிலிருந்து கௌதாரிபோல் பருத்த கிரௌஸ் பறவை ஒன்று விருட்டென்று எழுந்து "கோபேக், கோபேக்" என்று கத்திக்கொண்டு போனது. "சைமன், கோபேக்" என்று முழங்கி சைமன் கமிஷனுக்குக் கறுப்புக்கொடி காட்டப் போன என் தாத்தா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

பாதையில் பெரிய பலகைக் கற்கள் பாவியிருக்கிறார்கள். படம் எடுக்க ஆசைப்பட்டு அதிலிருந்து ஓரடி விலகினேன். வலது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. மருமகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கால் வந்தது, ஷூ வரவில்லை. முழங்கை வரை விட்டுத் துழாவித்தான் அதை எடுத்தேன். கையில் வந்த மண்ணைப் பிழிந்து பார்த்தேன். ஊறவைத்த துணியைப் பிழிவதுபோல் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. பாசியும் வேரும் முழுக்க மக்காமல் படிந்து கறுத்த இந்த மண்ணை அவர்கள் பீட் என்கிறார்கள். ஒரு மீட்டர் படிய ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகும். மழையைத் தாங்கிப் பிடித்துவைத்து, கீழே இருக்கும் அணைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்த மேடுதான். இதைத்தான் பார்க்க ஒன்றுமில்லை என்கிறது தங்கள் இதழ்.

எனக்கு ஏன் இவ்வளவு சுள்ளென்று பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீலகிரியில் சில மாதங்கள் இருந்தேன். நிரப்பக் கொடுத்த படிவத்தில் நிலத்துக்கு நஞ்சை, புஞ்சை, தரிசு என்று மூன்றே கட்டங்கள். சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிக்கு எதிரே நானும் தரிசு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு முந்தியவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் அங்கே சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டார்கள். இன்று அந்தச் சீகையை வெட்டி அப்புறப்படுத்திப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை.

இன்னொன்று. "நடுத்தரமான நடை, தாத்தா பாட்டிகள்கூடச் செருப்போடு போகலாம்" என்கிறார் கட்டுரையாளர். நான் தாத்தாதான். பேக் டோரில் பத்தே நிமிடத்தில் மூடுபனி வந்து, முன்னே போன மகளின் சிவப்புச் சட்டை மறைந்துவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. மருமகன் திசைகாட்டி வைத்திருந்ததால் இறங்கினோம். 1953 டிசம்பரில், இதே பள்ளத்தாக்கின் மேடுகளை உள்ளங்கைபோல் அறிந்த முதிய ஆட்டிடையர் ஒருவர் அவற்றில் ஒன்றில் போய் இறந்துவிட்டார். உடல் கிடைக்கும்வரை 15 வாரங்கள், பனியில், அவருடைய நாய் பக்கத்திலேயே இருந்தது. அந்த நாய்க்கு டெர்வென்ட் அணையருகே நினைவுக்கல் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து அதிக தூரமில்லை என்பதால் கட்டுரையாளரே பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் புதிதல்ல. பேச்சிப்பாறை அணையைத் திருநெல்வேலி மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் என்று அஞ்சலட்டை எழுதினேன், பதில் இல்லை. எழுத்தைச் சிறிதாக்கினீர்கள், பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டேன். குறுக்கெழுத்தை நிறுத்தினீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். பயணக் கட்டுரையோடு வந்துகொண்டிருந்த சிறிய வழிப்படத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: ஏரி என்பதை நீர்த்தேக்கம் என்றும், செருப்பு என்பதை நீர் புகாத, கணுக்காலைப் பிடிக்கும் காலணி என்றும் மாற்றுங்கள். தரிசு என்ற சொல்லுக்குப் பதில் என்ன போடுவது என்பதைத் தங்களிடமே விட்டுவிடுகிறேன், தமிழ் தெரிந்தவர் தாங்கள். வழிப்படத்தையும் திரும்பப் போட்டால் நன்று.

சந்தா ஜனவரியோடு முடிகிறது. இந்த முறையும் கட்டிவிடுவேன். தங்களுக்கும் அது தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணைப் பொறியாளன்,
மதுரை.