21 தோல்விக்கு அப்புறம் ஒரு ஜெயம்

சிகாகோ
8.8.2024, வியாழன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? போன வாரம் போனில் "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். வேலையிலோ உடம்பிலோ குறை எதுவும் இல்லை. எங்கள் பேஸ்பால் அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அதுதான் காரணம். போனில் சொன்னால் இதற்கா வருத்தம் என்று தோன்றும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒருவழியாக ஜெயித்துவிட்டார்கள். இப்போது நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு இரண்டு அணி. வடக்கே கப்ஸ், தெற்கே ஒயிட் சாக்ஸ். நான் குடியிருக்கும் பிரிட்ஜ்போர்ட் தெற்கே இருக்கிறது, மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். இந்தத் தெருவில் நீ எந்த அணி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வந்த முதல் கோடையிலேயே நானும் ஒயிட் சாக்ஸ் ஆகிவிட்டேன்.

கிரிக்கெட் மாதிரி மாதத்துக்கு நாலு ஆட்டம் இல்லை அப்பா. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒரு அணிக்கு 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும். அதனால் ஒரு தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல அணிகூட வருஷத்துக்கு அறுபது ஆட்டம் தோற்கும், மட்டமான அணியும் அறுபது ஜெயித்துவிடும் என்பது இங்கே ஒரு பொதுக் கணக்கு. இன்று போனால் நாளைக்கு என்று எழுந்து போய்விடுவார்கள்.

இந்த வருஷம் அந்த 'நாளைக்கு' என்பது வரவே இல்லை. முதல் 25 ஆட்டத்தில் மூன்றே ஜெயம். மே கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை தொடர்ந்து 14 தோல்வி. ஜூலை 10-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தது. முதலாவதை ஜெயித்தார்கள், இரண்டாவதைத் தோற்றார்கள். அங்கே பிடித்தது, ஆகஸ்ட் 5 வரை 21 ஆட்டம் வரிசையாகத் தோல்வி. இங்கே பெரிய அணிகள் இரண்டு லீகாகப் பிரிந்திருக்கின்றன, எங்களுடையது அமெரிக்கன் லீக். அதில் இதற்கு முன் 1988-இல் பால்டிமோர் அணிதான் அப்படித் தோற்றிருந்தது. இன்னும் ஒன்று தோற்றிருந்தால் அந்தக் கெட்ட பெயர் எங்களுக்கு மட்டுமே சொந்தமாகியிருக்கும்.

கீழ் வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், வீட்டுக்காரரும் அவர்தான். இந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் மரத்தால் ஆன படிக்கட்டும் திண்ணை மாதிரி ஒரு இடமும் இருக்கும். சாயங்காலமானால் அங்கே ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் நீளமான ஒரு நோட்டு, அதில் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் என்ன நடந்தது என்று பென்சிலால் குறிப்பார். பந்தை அடிக்கத் தவறியதற்கு மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட்டானால் 'கே' என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஜூலை மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால் திரும்பிய எழுத்துகள் ஏராளம். ஒரு இடத்தில் பென்சிலை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது. அதற்கும் அடுத்த நாள் ஆட்டத்தைப் புதுப் பக்கத்தில் தேதி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறார். இத்தனை தோல்வியிலும் ஒரு நாள்கூட விடவில்லை அப்பா.

அங்கே நாலைந்து பேர் கூடுவார்கள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், முனைக்கடை அம்மா, பெரியவரின் மைத்துனர். யார்மேல் தப்பு என்பதுதான் பேச்சு. மைத்துனருக்கு மேனேஜர்மேல் கோபம், தலைமைக் கோச்சை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எலக்ட்ரீஷியன் முதலாளியைத்தான் சொல்வார். 2021-இல் எங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி இது, மூன்றே வருஷத்தில் எப்படி இந்தக் கதிக்கு வரும் என்பார். கடைக்கார அம்மா காயத்தைச் சொல்வார். ராபர்ட், மொன்காடா, ஹிமனெஸ் என்ற முக்கிய ஆட்டக்காரர்கள் மூவரும் சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் அடிபட்டு வெளியே போனது உண்மைதான். ஆனால் எனக்கென்னவோ எலக்ட்ரீஷியன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. போன வருஷமே 101 தோல்வி. மூன்று பேர் அடிபட்டால் குடை சாய்ந்துவிடுகிற அணியைக் கட்டியது யார்?

டிலன் சீஸ் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், இங்கே இருந்தார். மார்ச்சில் அவரை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கினார்கள். ஜூலை 25-ஆம் தேதி அவர் 'நோ ஹிட்டர்' போட்டார். அப்படியென்றால் ஆட்டம் முழுக்க எதிரணி ஒரு ஹிட்டுகூட அடிக்க விடாமல் பந்து போடுவது, அபூர்வமான காரியம். நாங்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த நாட்களில் அது நடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை பெரியவரோடு மைதானத்துக்குப் போனேன். அன்று அங்கே எல்லோர் வாயிலும் சீஸ் பெயர்தான். இரண்டு இருக்கைக்கு ஒருவர் என்று ஜனம் உட்கார்ந்திருந்தது. "டீமை வித்துடு, டீமை வித்துடு" என்று மேலே ஒரு மூலையிலிருந்து கோஷம். அன்றும் தோல்வி.

ஆனால் வெள்ளிக்கிழமை உள்ளூரில் ஆட்டம் என்றால் முடிந்ததும் வாணவேடிக்கை உண்டு, ஜெயித்தாலும் தோற்றாலும். அதனால் யாரும் எழுந்து போகவில்லை. சோளத்தை உதிர்த்து, வெண்ணெய், சீஸ், எலுமிச்சை, மிளகாய்த்தூள் போட்டு ஒரு கப்பில் தருவார்கள். மெக்சிகோக்காரர்களின் பண்டம், நம் நாக்குக்கு அப்படியே பொருந்தும். அதைச் சாப்பிட்டுக்கொண்டு, தோற்ற மைதானத்துக்கு மேலே வெடிக்கிற மத்தாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் அப்பா தோளில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கோவில்பட்டி ஹாக்கி டோர்னமெண்ட் ஞாபகம் வந்தது. நம் ஊர் டீம் முதல் சுற்றிலேயே வெளியேறிய வருஷமும் ஃபைனல் வரை தினமும் என்னைக் கூட்டிப்போனீர்களே. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இப்படித் தோற்றால் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் அடுத்த வருஷம் முதல் ஆளை எடுக்கலாமே என்று ஆபீஸில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அதுவும் இல்லை. எங்கள் அணிக்கு அடுத்த வருஷம் பத்தாவது இடத்துக்கு மேல் கிடையாது என்று விதியே இருக்கிறது. தோற்பதில் காலணா லாபம் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் மேற்குக் கரையில், ஓக்லண்டில். இங்கே தொடங்கும்போதே ராத்திரி எட்டே முக்கால் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் வேலை இருந்தும் நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். முன்னிலை வந்த பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை, கண் பட்டுவிடும் என்கிற பயம் இந்த ஊரிலும் உண்டு. கடைசி அவுட் விழுந்தது. 5-1. பின்சந்தில் வரிசையாக எல்லா வீட்டுத் திண்ணையிலிருந்தும் கைதட்டல் கேட்டது. பெரியவர் கட்டத்தை நிரப்பி, கூட்டல் போட்டு, கீழே கோடு இழுத்து, நோட்டை மூடினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அவர் வீட்டுச் சுவரில் 2005 அக்டோபர் பத்திரிகை ஒன்று ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. 1917-க்கு அப்புறம், 88 வருஷம் கழித்து ஒயிட் சாக்ஸ் உலகத் தொடரை, அதாவது சீசன் முடிவில் நடக்கும் இறுதித் தொடரை, வென்ற நாள். ஹூஸ்டனை ஆட்டக் கணக்கில் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தார்கள். கப்ஸ் 2016-இல் ஜெயித்ததை உலகமே பேசியது, எங்களுடையதை யாரும் பேசுவதில்லை என்று அவருக்கு இன்றும் மனக்குறை.

இன்று மேனேஜர் கிரிஃபோலை நீக்கிவிட்டார்கள். 28 ஜெயம், 89 தோல்வி. முன்னாள் ஆட்டக்காரர் கிரேடி சைஸ்மோர் தற்காலிகமாகப் பொறுப்பேற்கிறார். மைத்துனர்தான் இத்தனை நாளாக மேனேஜரைத் திட்டியவர், செய்தி வந்ததும் "பாவம், அந்த ஆளும் என்ன செய்வான்" என்கிறார். பாக்கி 45 ஆட்டம். 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் நவீன காலத்தில் மிக மோசமான கணக்கு. அதைத் தொடாமல் தப்ப இன்னும் 15 ஜெயிக்க வேண்டும். பெரியவர் 15 என்று ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். ஜெயிக்க ஜெயிக்க ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவாராம்.

நாளைக்கு இங்கே கப்ஸுடன் ஆட்டம். அவர் மகள் வர முடியாததால் ஒரு டிக்கெட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார். நோட்டை இந்த முறை நான்தான் எழுத வேண்டுமாம். இரண்டு பென்சில் சீவி வைத்துவிட்டேன்.

இங்கே ராத்திரி 7 மணி என்றால் அங்கே சனிக்கிழமை காலை ஐந்தரை, நீங்கள் பால் வாங்கப் போகிற நேரம். வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போட்டு ஸ்கோர் கேளுங்கள். அம்மாவைத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்